விருதுப் பணம் யார் பெயருக்கு வருகிறது? அமெரிக்காவில் ஒளியமைப்பு படிக்க வருபவர்களுக்கு

வந்த முதல் வருடமே 5,000 டாலர் என் கைக்கு வராமல் போனது. நானே கட்டுரை எழுதி, நானே படம் வரைந்து வென்ற விருது அது. இந்தச் செப்டம்பரில் கட்டட ஒளியமைப்பு படிக்க நியூயார்க்குக்கோ கொலராடோவுக்கோ வருகிற தம்பி தங்கைகளுக்கு அது நடக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஐ-20 என்ற சேர்க்கைச் சான்று, செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம், விசா, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் உங்கள் கல்லூரியே பக்கம் பக்கமாக அனுப்பியிருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நூலகத்திலோ கம்ப்யூட்டர் லேபிலோ சின்னதாக ஒரு கேம்பஸ் வேலை கிடைத்தால் முதல் செமஸ்டரிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வேலை இருந்தால்தான் சோஷியல் செக்யூரிட்டி எண் என்ற அரசு அடையாள எண் தருவார்கள். அது எங்கே உதவும் என்று பின்னால் வருகிறது.

இந்தத் துறை சின்னது, பணம் தருகிற இடங்களும் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். ஒளியமைப்பாளர் ஜேம்ஸ் நக்கோல்ஸ் நினைவாக நடக்கும் நக்கோல்ஸ் நிதியின் பெரும்பகுதி, ஒளியமைப்புப் பாடம் தொடங்கவும் வளர்க்கவும் கல்லூரிகளுக்குத்தான் போகிறது. அதற்குப் பேராசிரியர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து படிவம் நிரப்பிய பிறகு எனக்கு அது தெரிந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஜூல்ஸ் ஹார்ட்டன் பெயரில் அவர்களிடம் ஒரு விருது உண்டு, நீங்கள் பார்க்க வேண்டியது அதை. 1906இல் தொடங்கிய இலுமினேட்டிங் இன்ஜினியரிங் சொசைட்டி என்ற ஒளியமைப்புச் சங்கத்தின் நியூயார்க் கிளை, ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி பெயரில் இளையவர்களுக்கு நிதி தருகிறது. மேற்குக் கரையில் படிப்பவர்களுக்கு அதே சங்கத்தின் ராபர்ட் துனன் உதவித்தொகை இருக்கிறது. ஐ.ஏ.எல்.டி. என்ற சர்வதேச ஒளியமைப்பாளர்கள் அமைப்பின் கல்வி அறக்கட்டளையும் மாணவர்களுக்கு உதவுகிறது. சங்கங்களில் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள், அறிவிப்பு முதலில் அங்கேதான் வரும்.

இனி என் கதை. ஊரில் சங்கத்து ஆண்டு விழாவில் மேடையேறி செக் வாங்கினால், அப்பா அதை வங்கியில் போடுவார், அதோடு முடிந்தது. கல்லூரி அதில் தலையிடாது. அதே நினைப்பில் இங்கேயும் இருந்தேன். என் ஃபீஸில் ஒரு பகுதியைக் கல்லூரியே ஸ்காலர்ஷிப்பாகக் கழித்திருந்தது. மீதிக்குக் கடன். விருது அறிவிப்பு வந்த அன்று, கடனில் 5,000 குறைந்தது என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா பிள்ளையார்பட்டிக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

விருது தந்தவர்கள் செக்கைக் கல்லூரி பெயருக்கு எழுதி நேரே அங்கே அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து ஃபீஸ் கணக்கைத் திறந்தேன். வரவில் 5,000 இருந்தது. அதற்குக் கீழ் வரியில் கல்லூரியின் ஸ்காலர்ஷிப் சரியாக 5,000 குறைந்திருந்தது. நான் கட்ட வேண்டிய தொகை ஒரு டாலர்கூட மாறவில்லை. உழைத்தது நான், மிச்சம் கல்லூரிக்கு. ஃபைனான்ஷியல் எய்டு அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, நான் கையெழுத்துப் போட்ட ஸ்காலர்ஷிப் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால் எங்கள் தொகையை மாற்றியமைப்போம் என்று அதில் ஒரு வரி இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அரசுக் கல்லூரிகள் இப்படிக் கழிப்பதைக் கட்டுப்படுத்தி மேரிலாந்து மாநிலம் 2017இல் சட்டமே போட்டது என்றால், எத்தனை பிள்ளைகள் இதில் அடிபட்டிருப்பார்கள் என்று பாருங்கள்.

அதனால் சேரும் முன்பே அந்தக் கடிதத்தை வரி விடாமல் படியுங்கள். விருது கிடைத்ததும், செக் கிளம்பும் முன், எய்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தத் தொகை வந்தால் என் ஸ்காலர்ஷிப் குறையுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டால் பதில் கிடைக்காது, விசா விஷயம் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. குறையும் என்று பதில் வந்தால், விருது தருபவர்களிடம் தயங்காமல் பேசுங்கள். பெரும்பாலும் அவர்களே இந்தத் துறையில் வேலை செய்பவர்கள், பொறுமையாகக் கேட்பார்கள். அடுத்த வருடம் எனக்கு 3,000 டாலர் இன்னொரு விருது கிடைத்தபோது அப்படித்தான் செய்தேன். மாதிரி விளக்கு செய்யவும் மாநாட்டுப் பயணத்துக்கும் என்று குறிப்பிட்டு அவர்கள் என் பெயருக்கே தந்தார்கள். எய்டு அலுவலகத்துக்கும் தெரிவித்தேன், ஸ்காலர்ஷிப்பில் அவர்கள் கைவைக்கவில்லை. மறைத்து வாங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இப்படி வாங்கினால் வரி உண்டு. ஃபீஸ், கட்டாயப் புத்தகம் தவிர்த்த மற்ற செலவுக்கு வருகிற உதவித்தொகையில், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களிடம் 14 சதவீதம் பிடிப்பார்கள். என் 3,000இல் 420 போனது. ஆனால் இந்தியாவிலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது: அமெரிக்கர்களைப் போலவே நாமும் நிலையான கழிவைக் கோரலாம், அதாவது வருமானத்தில் அந்தத் தொகை வரை வரி இல்லை. 2024ஆம் ஆண்டுக்கு அது 14,600 டாலர். பிடித்த வரியைக் காட்டி மார்ச்சில் வரும் 1042-எஸ் தாளை வைத்து, ஏப்ரல் 15க்குள் வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிப் படிவமும், இங்கே தங்கிய நாட்களைச் சொல்லும் 8843 படிவமும் அனுப்பினேன், 420உம் திரும்பி வந்தது. சோஷியல் செக்யூரிட்டி எண் கையில் இருந்ததால் அலைச்சல் இல்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது, கணக்குப் போடும்போது அதை நினைவில் வையுங்கள். நண்பன் சொன்னான் என்று அமெரிக்கர்கள் போடும் சாதாரண 1040 படிவத்தைப் போட்டுவிடாதீர்கள், திருத்தி எழுதி மாளாது.

கடைசியாக விண்ணப்பம். எல்லோரும் கம்ப்யூட்டரில் செய்த பளபளப்பான படங்களை அனுப்புகிறார்கள். நான் முதலில் வென்றது சிவகங்கைப் பக்கம் உள்ள எங்கள் ஆச்சி வீட்டைப் பற்றி எழுதித்தான். முற்றத்து வெயில் ஆத்தங்குடித் தரையில் விழுந்து, முட்டைப் பூச்சுச் சுவரில் பட்டு, உள்ளறை வரை மெல்லப் போகும். ஒரே இடத்தில் குவியும் ஒளி, எங்கும் பரவும் ஒளி, மினுங்கும் ஒளி என்று ரிச்சர்ட் கெல்லி மூன்றாகப் பிரித்தார். மூன்றும் அந்த வீட்டில் இருந்தன. ஆச்சி சொளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்குவார். வெயில் நகர நகர, சொளகோடு அவரும் ஒரு தூண் தள்ளி உட்காருவார். அதை மூன்று பென்சில் படங்களாக வரைந்து, கீழே நேரத்தை மட்டும் எழுதினேன்: காலை 9, 10.30, 12.