நெறியாளர் ஆகிவிட்டீர்களா? ஒரு பழைய நெறியாளர் சொல்வது

முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களை வழிநடத்தும் நெறியாளர் அனுமதி வந்த வாரமே நாலு பேர் தமிழ்த் துறை வாசலில் நிற்பார்கள். உதவிப் பேராசிரியருக்கு 4 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, பேராசிரியருக்கு 8 என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதி. இடம் இருக்கிறதே என்று ஒரே ஆண்டில் நிரப்பிவிடாதீர்கள். நான் நிரப்பினேன். நாலு பேருடைய மூன்றாம் இயலும் ஒரே மே மாதத்தில் மேசைக்கு வந்தன. ஒன்றையும் உருப்படியாகப் படிக்கவில்லை.

தற்கால இலக்கியம் என்றால் ‘இன்னார் நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள்’ என்ற தலைப்போடுதான் வருவார்கள். பெயரை மட்டும் மாற்றினால் எந்த எழுத்தாளருக்கும் அது பொருந்தும். “சரிம்மா, இதில் உனக்கே பதில் தெரியாத கேள்வி ஒன்றோடு வா” என்று அனுப்பிவிடுவேன். ஒருத்தி மூன்று மாதம் கழித்து வந்தாள். “அம்மா, பத்திரிகையில் வந்த கதையும் தொகுப்பில் இருக்கிற கதையும் வேற வேறயா இருக்கு.” முதலில் சாதிப்பெயர் இருந்த இடத்தில் தொகுப்பில் ‘மேலத்தெருக்காரர்’ என்று இருந்தது. தலைப்பு கிடைத்துவிட்டது. பழைய சிற்றிதழ்களுக்காக தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்கும் போகச் சொன்னேன். முதல் ஆண்டு முழுக்க ஒரு பக்கம்கூட எழுத விடவில்லை. இரண்டு பிரதிகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு நோட்டில் குறிக்கும் வேலை மட்டும்தான்.

சங்க இலக்கியக்காரர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார், போனையும் எடுக்கிறார். இவள் கேட்டதற்கு அவர், “அதெல்லாம் அச்சுப்பிழைம்மா” என்றாராம். இவளும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். பதினேழு இடத்திலுமா அச்சுப்பிழை? அவர் சொன்னதைத் தேதியோடு பின்னிணைப்பில் சேர்க்கச் சொன்னேன். அதுவும் ஓர் ஆதாரம், அவ்வளவுதான். எழுத்தாளர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும் மாணவரின் அடுத்த இயலை இரண்டு தடவை படியுங்கள். எழுத்தாளர் உங்களையே கூப்பிட்டுக் குறைப்பட்டால் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாணவரிடம் சொல்ல வேண்டாம்.

முகநூல் பதிவை மேற்கோள் காட்டினால் அன்றே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு இருக்காது.

வேலைப் பேச்சை வாய்மொழித் தேர்வு வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். சேர்ந்த அன்றைக்கே நான் பேசிவிடுவேன். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் இரண்டையும் முதல் இரண்டு ஆண்டுக்குள் எழுதிவிட வேண்டும். கல்லூரி வேலைக்கான ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை மே மாதச் சம்பளம் இல்லாத கௌரவ விரிவுரையாளர் வேலைதான் பலருக்கு வாய்க்கிறது. இதைச் சொன்னதும் ஒரு பையன் சேராமலே போய்விட்டான். பிறகு முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதி மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுகிறான்.

பரிந்துரைக் கடிதத்தில் ‘கடின உழைப்பாளி, நற்பண்பினர்’ என்று எழுதினால் யாரும் அதைப் படிப்பதில்லை. அந்த ஒப்பீட்டுக்காரிக்கு நான் எழுதிய கடிதத்தில் மூன்றே வரி: ஒரே கதையின் இரண்டு அச்சுகளை எதிரெதிரே வைத்தால் மாறிய சொல்லைக் கண்டுபிடிப்பாள், ஏன் மாறியது என்று கேட்பாள், பதில் வராமல் விடமாட்டாள். ஒரு பதிப்பகத்தில் செம்மையாக்கப் பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். போன மாதம் என் கட்டுரைத் தொகுப்பின் மெய்ப்பு (புரூஃப்) அவளிடமிருந்துதான் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஓர் ஓரத்தில், “அம்மா, இது அச்சுப்பிழையா?”