மாதிரி விமானத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் மோட்டார் சைக்கிளும் இறைப்பு மெசினும்தான் நினைவுக்கு வரும். அவற்றில் ஒயில் அடியில் தனியாக நிற்கும், டாங்கிக்கு வெறும் பெற்றோல் போதும். அந்தப் பழக்கத்தை மாதிரி விமானத்துக்கும் கொண்டுவருவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. இந்தச் சின்ன எஞ்சின்களில் ஒயில் தேங்க இடமே இல்லை. எரிபொருளோடு கலந்து போகும் ஒயில்தான் உள்ளே எல்லாவற்றையும் நனைக்கும். கிளிநொச்சியில் ஒரு தம்பி இறுகிப்போன எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். பிசுக்கே இல்லை. பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. வெறும் பெற்றோலிலேயே ஓடவிட்டிருக்கிறார். நல்ல எஞ்சின், மனசு பொறுக்கவில்லை.

குளோ பிளக் (தீப்பொறிக்குப் பதில் சூட்டில் சிவக்கும் கம்பிச்சுருள்) எஞ்சின் என்றால் மெதனோலும் ஒயிலும், பெரும்பாலும் கொஞ்சம் நைட்ரோமெதேனும் கலந்த எரிபொருள் வேண்டும். பெற்றோல் செட்டில் அது கிடைக்காது. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் சாதாரணத் தபாலில் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவும் முடியாது. எனவே எரிபொருளுக்கு வழி பார்த்த பிறகே எஞ்சினுக்குக் காசு கட்டுங்கள். ஜப்பானின் சைட்டோ போன்ற நிறுவனங்கள் ஒயில் கலந்த பெற்றோலில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக்கும் செய்கின்றன. விலை கூட, தீப்பொறிக்குத் தனி பற்றரியும் வேண்டும். ஆனாலும் நம் ஊருக்கு அதுவே தோது என்பேன்.

அப்புறம் அளவு. வரைபடத்தில் 10 சிசி டூ ஸ்ட்ரோக் என்றிருந்தால் அதே 10 சிசியில் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கிவிடுகிறார்கள். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் எரியும், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரிகிறது. அதே இழுவைக்கு 15 சிசி அளவில் தேட வேண்டும். அதற்கு 14 அங்குல புரொப்பெல்லர் வரும். சரி, சக்கரங்களைப் பூட்டி விமானத்தை நிமிர்த்தி வைத்து, புரொப்பெல்லர் மாட்டும் தண்டின் நடுவிலிருந்து தரைவரை அளந்து பாருங்கள். 7 அங்குலம் புரொப்பெல்லருக்கே போய்விடும். காலபோக அறுவடை முடிந்த வயலில் ஓடுகிறதென்றால் அதற்கு மேலும் இரண்டு அங்குலமாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் வைக்கோல் அடிக்கட்டையில் அடித்து முறியும்.

வால்வுகள் மேலே இருப்பதால் எஞ்சின் உயரமானது. நிஜ விமானம் போலவே மூக்கு மூடி போடுபவர்கள் அந்த உயரத்தை மறந்து, பிறகு மூடியை வெட்டி அழகைக் கெடுக்கிறார்கள். நம் வெயிலுக்குக் காற்று உள்ளே வரும் வாயைவிட வெளியேறும் வாய் பெரிதாக, ஏறத்தாழ இரு மடங்காக இருப்பது நல்லது. சூடான காற்று உள்ளே தேங்கினால் எஞ்சின் நடுவானில் நின்றுவிடும்.

புரொப்பெல்லருக்கு இரண்டு நட்டு வந்தால் இரண்டையும் போடுங்கள். எஞ்சின் பின்னுதைத்தால் ஒற்றை நட்டு கழன்று புரொப்பெல்லர் பறக்கும். வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறிய பிறகே பாருங்கள்.

பறக்கவிடும் முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைக் கேட்டறியுங்கள். அயல் வீடுகளுக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கின் சத்தம் தாழ்ந்து, நிஜ விமானத்தின் சத்தம் போலவே இருக்கும். அதைக் கேட்டால் இங்கே பெரியவர்கள் இன்னும் பதறி நிமிர்ந்து பார்க்கிறார்கள்.