இடுப்பு மூட்டுக்கு எம்ஆர்ஐயா? மெட்டியை முந்தின ராத்திரியே கழற்றுங்கள்

முதலில் டாக்டர் கொடுத்த சீட்டைப் பாருங்கள். எடுக்க வேண்டியது இடுப்பு மூட்டா, கீழ் முதுகா, எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்ற பிறகும் ஏன் இதை எடுக்கச் சொல்கிறார்கள் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். தொடை எலும்பின் பந்து முனைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு சாகத் தொடங்கினால், ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் தெரியாது. எம்ஆர்ஐயில் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு நிறையச் சாப்பிட்டவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். அதனால் பழைய மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மும்பை செம்பூரில் எங்கள் கட்டிடத்து மாமிகளுக்கு இந்தி தகராறு. துணைக்கு நான்தான் போவேன். எனக்கே ஒருமுறை எடுத்தும் ஆயிற்று. எல்லோரும் பயப்படுவது கதிர்வீச்சுக்கு. அது இதில் கிடையவே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். பயப்பட வேண்டியது இரும்புக்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் இதே மும்பையில் ஒரு மருத்துவமனையில் நோயாளியின் உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போய் உயிரையே விட்டார். துணைக்குப் போகிறவர்களும் சாவி, போன், ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் வெளியிலேயே வைத்துவிட வேண்டும்.

பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், எலும்பில் வைத்த பிளேட், காப்பர்-டி, எது இருந்தாலும் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். பல பொருள்களோடு எடுக்கலாம்தான், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது ஸ்கேன் எடுப்பவர்கள். கர்ப்பமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். அப்புறம் நகை. தாலிச் செயினைக் கழற்ற மாட்டேன் என்று கவுன்டரில் வாக்குவாதம் செய்வதைவிட, வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு போவது நல்லது. மூக்குத்தி, மெட்டி, ஹேர்பின், அரைஞாணில் கோத்த தாயத்து எல்லாம் கழற்றியாக வேண்டும். வருஷக்கணக்கில் விரலில் இறுகிப்போன மெட்டி அங்கே போய் வராது. ராத்திரியே தேங்காய் எண்ணெய் போட்டு உருட்டி எடுத்துவிடுங்கள். ஜரிகைப் புடவை வேண்டாம், எப்படியும் கவுன் கொடுப்பார்கள்.

சாதாரண ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை. படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி உண்டென்றால் சாப்பாட்டைப் பற்றி முன்பே கேளுங்கள். கிட்னி சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்க்கச் சொல்லலாம். மூட்டைச் சுற்றியுள்ள ஜவ்வைப் பார்க்க மூட்டுக்குள்ளேயே மருந்து செலுத்தி எடுப்பது தனி வகை. அதற்கு மரத்துப்போக ஊசி போடுவார்கள், பிறகும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும்.

படுத்ததும் இடுப்பின் மேல் ‘காயில்’ (coil) என்கிற, சிக்னலைப் பிடிக்கும் கருவியை வைத்து, இரண்டு பாதங்களையும் கால்விரல்கள் ஒட்டியிருக்கிற மாதிரி டேப் போட்டுக் கட்டுவார்கள். பெரும்பாலும் கால் பக்கமாகத்தான் உள்ளே தள்ளுவார்கள். தலை குழாயின் வாய்ப்பக்கம் இருப்பதால் மூச்சுமுட்டும் பயம் கொஞ்சம் குறையும். அறை ஜில்லென்று இருக்கும், போர்வை கேளுங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள்; முடியவில்லை என்றால் அதை அழுத்தினால் போதும். சத்தம், தெருவில் கான்கிரீட் உடைக்கிற மாதிரி. காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ தராமல் விட்டால் கேட்டு வாங்குங்கள்.

அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை ஆகும். நடுவில் சத்தம் நின்றால் முடிந்துவிட்டது என்று காலை மடக்காதீர்கள். அடுத்த படம் வரும். அசைந்தால் படம் கலங்கி மறுபடி எடுப்பார்கள். மூச்சு சாதாரணமாக விடலாம். “ஹில்னா மத்” என்று மைக்கில் வந்தால் அசையாதே என்று அர்த்தம், மாமிகளுக்கு இது ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவேன். கால் நீட்டிப் படுத்தாலே வலிக்கும் என்பவர்கள் வலி மாத்திரையை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் முன் பாத்ரூம் போய்விடுங்கள்.

டெக்னீஷியனிடம் “என்ன தெரிகிறது?” என்று கேட்டுப் பயனில்லை. ரேடியாலஜிஸ்ட் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுவார். அதில் “லேப்ரல் டியர்” என்று இருந்தால் உடனே ஆபரேஷன்தான் என்று நினைக்க வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கும் அந்த ஜவ்வுக் கிழிசல் இருப்பதுண்டு. ஃபிலிம், சிடி, ரிப்போர்ட் மூன்றையும் வாங்கி, பழைய எக்ஸ்-ரேயோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். கழற்றிய நகைகளை லாக்கரில் வைத்திருந்தால் கிளம்பும் முன் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.