நடமாடும் மருத்துவ வண்டி: புதிய குழுக்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

நடமாடும் மருத்துவ வண்டி தொடங்கும் புதிய குழுக்கள், பழைய குழுக்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் வரிசையாகப் போய் விழுகின்றன. டீசல் போட மறப்பது, கையுறைப் பெட்டியை விட்டுவிட்டுக் கிளம்புவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒரு சரிபார்ப்புத் தாள் ஒட்டினால் இரண்டே வாரத்தில் அவை சரியாகிவிடும். சொல்ல வேண்டியது வேறு வகைத் தவறுகளை. வண்டி ஓடும், கூட்டம் வரும், பதிவேடு நிரம்பும். தவறு மட்டும் கண்ணில் படாமல் மாதக்கணக்கில் தொடரும்.

மாதம் ஒருமுறை வருகிறோம், 30 மாத்திரை கொடுக்கிறோம்

இந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம். மற்ற எல்லாத் தவறுகளையும் விட அதிகச் சேதம் செய்வது இதுதான்.

"ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை வண்டி வரும்" என்று அறிவிப்பு ஒட்டுவார்கள். நினைவில் வைக்க எளிது. மருந்து கொடுப்பவரும் 'ஒரு மாதம்தானே' என்று 10 மாத்திரை கொண்ட அட்டை மூன்றை எடுத்துக் கொடுப்பார். இப்போது நாட்காட்டியைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். ஒரு முதல் செவ்வாய்க்கும் அடுத்த முதல் செவ்வாய்க்கும் இடையே 28 நாள் இருக்கும், இல்லையென்றால் 35 நாள் இருக்கும். 30 நாள் ஒருபோதும் வராது. ஆண்டுக்கு நான்கைந்து முறை 35 நாள் இடைவெளி விழும். அந்தச் செவ்வாய் விடுமுறையாகி வண்டி ஒரு வாரம் தள்ளிப்போனால் 42 நாள். 28 நாள் சுற்றில் இரண்டு மாத்திரை மிஞ்சுமே என்று கேட்கலாம். போன முறைதான் சிகிச்சை தொடங்கியவரிடம் அந்த மிச்சம்கூட இல்லை.

அடுத்து நடப்பதைப் பாருங்கள். அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையை 5 மி.கி. எடுத்துக்கொள்ளும் ஒருவர், மாத்திரை தீரப்போகிறது என்று தெரிந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். பிறகு அதுவும் தீர்ந்துபோகிறது. வண்டி வரும் நாளில் அழுத்தம் 168/100. "தினமும் மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்கிறார்கள். "போடுறேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, கையில் இருந்தவரை போட்டார். மருத்துவர் 5 போதவில்லை என்று 10 ஆக்குகிறார், அல்லது இரண்டாவது மருந்து ஒன்றைச் சேர்க்கிறார். அடுத்த இடைவெளி 28 நாள்தான், எனவே கூடுதல் அளவு ஒருநாள் விடாமல் உள்ளே போகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கணுக்கால் வீங்குகிறது. வயதானவராக இருந்து விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். "வண்டி மருந்து ஒத்துக்கலை" என்று அவர் நிறுத்துகிறார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நிறுத்துகிறார்கள். கடைசியில் பதிவேட்டில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று ஒரு குறிப்பு ஏறுகிறது. பொறுக்க முடியாதது இந்தக் கடைசி வரிதான். கணக்கில் தப்பு செய்தது வண்டி, பழி நோயாளிக்கு.

இரத்த அழுத்த மாத்திரையோடு இது நிற்பதில்லை. வலிப்பு மருந்து திடீரென நின்றால் வலிப்பு திரும்பும், விடாமல் தொடரும் வலிப்பாகவும் மாறலாம். இதயநோய் உள்ளவர் அட்டெனலால் போன்ற மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி முற்றலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் இல்லாமல் ஓரிரு நாள் கழிந்தாலே உயிருக்கு ஆபத்து.

சரிசெய்ய, முதலில் மாதக் கணக்கைக் கைவிட்டு 28 நாள் கணக்குக்கு மாறுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, ஆண்டுக்கு 13 சுற்று. தேதி நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அடுத்த வருகைத் தேதியை ஒவ்வொருவரின் நோயாளி அட்டையிலும் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். வாயால் சொன்னது வீடு போய்ச் சேருவதற்குள் மறந்துபோகும்.

மாத்திரை எண்ணிக்கை என்பது இடைவெளி நாட்களோடு கையிருப்பு நாட்களையும் கூட்டியது. 28 உடன் 7 சேர்த்து 35 குறைந்தபட்சம். 10 மாத்திரை அட்டை என்றால் நான்கு, 14 மாத்திரை அட்டை என்றால் மூன்று. 35 என்று துல்லியமாக வரவேண்டும் என அட்டையைக் கத்தரிக்காதீர்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டிய துண்டோடு போய்விடும். வலிப்பு மருந்துக்கு மட்டும் ஒரு முழுச் சுற்றையே கூடுதலாக வைத்து 56 நாளுக்குக் கொடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இன்சுலினை இப்படி மொத்தமாகக் கொடுத்துவிட முடியாது. அதற்கு அருகிலுள்ள நிலையான மருத்துவமனையோடு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

ஏழு நாள் கையிருப்புக்குப் பொருள் இருக்க வேண்டுமென்றால், தவறிய ஊருக்கு ஏழு நாளுக்குள் வண்டி திரும்பிப் போக வேண்டும். அதற்கு நாள் எங்கே? பெரும்பாலான திட்டங்களில் 20 வேலை நாளுக்கு 20 ஊரைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். 16 ஊர் போதும். வாரத்துக்கு ஒருநாளைக் காலியாக விடுங்கள். மழையோ பழுதோ இல்லாத வாரத்தில் அந்த நாள் வண்டிப் பராமரிப்புக்கும் கணக்கு முடிக்கவும் பயன்படும்.

இருப்புக் கணக்கும் இதற்கேற்ப மாற வேண்டும். ஓர் ஊரில் ஒரு குறிப்பிட்ட மாத்திரையை 45 பேர் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் ஆளுக்கு 40 வீதம் 1,800 மாத்திரை, அதாவது 180 அட்டை. மெட்ஃபார்மின் (நீரிழிவு மாத்திரை) இருவேளை என்றால் ஆளுக்கு 80. புது முறைக்கு மாறும் முதல் சுற்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரு அட்டை கூடுதலாகப் போகும். இதைக் கணக்கில் எடுக்காத குழுவுக்குப் பாதி ஊர்களைத் தாண்டும்போதே மருந்து தீர்ந்துவிடும். அடுத்த சுற்றிலிருந்து மிச்ச அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, எண்ணிப் பார்த்து, குறைந்ததை மட்டும் நிரப்பினால் போதும். எத்தனை மாத்திரை மிச்சம் என்பதைப் பார்த்தாலே ஒழுங்காகப் போட்டாரா என்பதும் தெரிந்துவிடும், குறுக்கு விசாரணை தேவையில்லை.

கேள்வியையும் மாற்றுங்கள். அழுத்தம் பார்ப்பதற்கு முன், "கடைசி மாத்திரை போட்டது என்றைக்கு?" என்று கேட்டு, பதிலை அழுத்த அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதற்குப் பதிவேட்டில் தனிக் கட்டம் இருக்க வேண்டும். பல நாள் விட்டிருந்தால் அன்றைய அழுத்தத்தை வைத்து மருந்தைக் கூட்டக்கூடாது. பழைய மருந்தளவையே மீண்டும் தொடங்கி, மறுபடி பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குழப்பம், பார்வை மங்கல், கைகால் பலவீனம் போன்ற அறிகுறிகளோடு அழுத்தம் மிக உயர்ந்திருந்தால் பேச்சே இல்லை, நேராக மருத்துவமனைக்கு.

இன்னொன்று. அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை மாதம் ஒருமுறை, வந்தபிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். சீராக இருப்பவருக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுக்கலாம். வரிசை குறையும், புதிதாக வருபவரைப் பார்க்க மருத்துவருக்கு நேரம் கிடைக்கும். இதற்குத் தயங்கும் குழுக்கள், மாத அறிக்கையில் வருகை எண்ணிக்கை குறைந்து தெரியுமே என்றுதான் தயங்குகின்றன. அறிக்கைக்காக ஒருவரைக் கூலி இழந்து வந்து நிற்க வைப்பது நியாயமில்லை.

படியேறி வந்த மூச்சோடு இரத்த அழுத்தம் பார்ப்பது

வண்டியின் படி உயரமானது, உள்ளே இடம் குறுகல், கூடவே ஜெனரேட்டரின் அதிர்வு. அங்கே உட்கார்ந்த உடனே பட்டையைக் கட்டினால் வருவது அவருடைய இயல்பான அழுத்தமாக இருக்காது. அதிர்வில் தானியங்கிக் கருவி தடுமாறும், பிழைக் குறி காட்டும்.

வண்டிக்கு வெளியே நிழலில், சாய்மானம் உள்ள நாற்காலிகளைப் போடுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க, கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றக்கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பாருங்கள். பட்டை ஒரே அளவில் மட்டும் இருந்தால் பருத்த கை உள்ளவருக்கெல்லாம் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். பெரிய அளவுப் பட்டை ஒன்றாவது வண்டியில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஐஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது

தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். எல்லோரும் 8-ஐ நினைத்துப் பயப்படுகிறார்கள், 2-ஐ மறந்துவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி, ஐந்து நோய்த் தடுப்பூசி, டெட்டனஸ் வகைத் தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும், மறுபடி உருகினாலும் பயன்படாது. உறைபெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் பேக்கை நேராகத் தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்பெட்டியில் (கேரியர்) அடுக்கினால் அதை ஒட்டியிருக்கும் குப்பிகள்தான் முதலில் உறையும். குப்பிமேல் இருக்கும் வெப்பக் குறிப்பானை நம்பி ஆறுதல் அடைய முடியாது. அது சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தமும் கட்டி நகரும் உணர்வும் வந்தபிறகுதான் கேரியருக்குள் வைக்க வேண்டும். இதற்குச் சில சமயம் அரைமணிக்கு மேலும் ஆகும் என்பதால் காலையில் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். இன்சுலினுக்கும் இதே எச்சரிக்கைதான், ஒருமுறை உறைந்தால் குப்பையில்தான் போட வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனைப் பட்டைகளை டாஷ்போர்டில் வைப்பது

பெரும்பாலான பட்டைகளின் உச்ச வரம்பு 30 டிகிரி. வெயிலில் நிற்கும் வண்டி அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. குப்பியை மூடாமல் வைத்தால் ஈரம் பிடித்து அளவு பிறழும். திறந்த தேதியைக் குப்பிமேல் எழுதுங்கள். விரலைத் தண்ணீரில் கழுவித் துடைத்தபிறகு குத்துங்கள். பழம் தொட்ட விரலில் இரத்தம் எடுத்தால், உடலில் இல்லாத சர்க்கரையைக் கருவி காட்டும்.

ஜெனரேட்டரை வாசலருகே வைப்பது

கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குறைந்தது 6 மீட்டர் தள்ளி, காற்று வண்டியிலிருந்து வெளியே வீசும் திசையில்.

பரிந்துரைச் சீட்டோடு கடமை முடிந்தது என்று நினைப்பது

"பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்" என்று எழுதிய சீட்டால் யாரும் போய்ச்சேருவதில்லை. எந்தக் கிழமை, எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குள், என்ன கொண்டுபோக வேண்டும், அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்ற ஐந்தும் சீட்டில் இருக்க வேண்டும். சீட்டின் அடிக்கட்டை வண்டியிலேயே இருக்கட்டும். அடுத்த சுற்றுக்கு முன் ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் போன் செய்து 'போனார், சிகிச்சை தொடங்கியது, போகவில்லை' என்று குறித்து, போகாதவரிடம் காரணத்தையும் கேட்டு எழுதுங்கள். பேருந்துக் கட்டணமும், கூடப் போக ஆள் இல்லாததும்தான் அடிக்கடி வரும் பதில்கள். இரண்டுக்குமே முன்கூட்டி வழி செய்ய முடியும்.

மேற்சிகிச்சைக்கு வழி அமைக்காமல் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்காதீர்கள். சந்தேகம் இருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு, அடுத்து எங்கே போவது என்று சொல்லத் தெரியாமல் நிற்பது கொடுமை.

படிக்கட்டிலேயே "என்ன பிரச்சினை?" என்று கேட்பது

பின்னால் நிற்பவர் காதில் விழும். அப்புறம் வெள்ளைப்படுதலும் காசநோய்ச் சந்தேகமும் 'தலைவலி' ஆகிவிடும். பதிவு மேசையில் பெயர், அட்டை எண் மட்டும். மேசைக்கும் வரிசைக்கும் இடையே மூன்று மீட்டராவது விடுங்கள். வண்டிச் சுவரும் மெல்லியதுதான், அதை ஒட்டி பெஞ்சு போடாதீர்கள்.

காலை 10 முதல் மதியம் 1 வரை மட்டும் வண்டியை நிறுத்துவது

கூலி வேலைக்குப் போனவர் திரும்பியிருக்க மாட்டார். நேரத்தை ஊரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கிளம்பும் நேரத்தில் ஊசி போடுவது

எந்த ஊசி போட்டாலும் 15 நிமிடம், முன்பு ஒவ்வாமை வந்தவர் என்றால் 30 நிமிடம், கண் பார்வையில் உட்கார வைக்க வேண்டும். கிளம்புவதற்கு 45 நிமிடத்துக்கு முன்பே ஊசி அறையை மூடிவிடுங்கள், யார் கெஞ்சினாலும் சரி. ஒவ்வாமையால் மூச்சு இழுத்து, தோல் தடித்து, துவண்டு விழுந்தால் பெரியவருக்கு அட்ரீனலின் 0.5 மி.லி. (1 மி.லி.யில் 1 மி.கி. உள்ளது), தொடையின் வெளிப்பக்கத் தசையில். முன்னேற்றம் இல்லையென்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. அட்ரீனலினும் சிரிஞ்சும் ஊசியும் ஒரே சிறிய பெட்டியில், அளவு எழுதிய தாள் மூடியில் ஒட்டி, ஊசி போடும் மேசைமேலேயே இருக்க வேண்டும். சாமான்களைக் கட்டும்போது கடைசியாக உள்ளே போக வேண்டியது அந்தப் பெட்டிதான்.