உத்தரவு இருந்தும் பிள்ளைக்கு ஜீவனாம்சம் வரவில்லையா? சென்னையில் நிலுவையை வசூலிக்கும் வழி

குழந்தைக்கு மாதாமாதம் இவ்வளவு தர வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டாகிவிட்டது. கொஞ்ச நாள் வந்த பணம் அப்புறம் நின்றுபோனது. பிள்ளையின் அப்பாவைக் கேட்டால், "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்று பதில். அதை நம்பிக் காத்திருக்கும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகியிருக்கிறது. இதன்படி, ஒரு மாதத் தொகை எந்த நாளில் தர வேண்டியதோ, அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அதைத் தாண்டினால் அந்த மாதப் பணத்தை வசூலிக்கும் வாரண்ட் கேட்க முடியாது. ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகக் கெடு ஓடுகிறது. அதனால் இரண்டு மூன்று மாதம் தவறியதுமே கிளம்பிவிடுங்கள். சேர்த்துக் கேட்கலாம் என்று விட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

கணக்கை எழுதுங்கள்

வழக்கில் பாதி பலம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம்: மாதம், தர வேண்டியது, வந்தது, பாக்கி. உத்தரவு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 80,000 வர வேண்டும். மார்ச்சில் 10,000, ஜூனில் ஜிபேயில் 4,000 மட்டும் வந்திருந்தால் பாக்கி 66,000. அந்த 4,000-ஐ மறக்காமல் காட்டுங்கள். வந்த பணத்தை மறைத்தது தெரிந்தால், மீதிக் கணக்கையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

பொம்மை, பிறந்தநாள் உடுப்பு வாங்கிக் கொடுத்ததை எல்லாம் ஜீவனாம்சத்தில் கழிக்கச் சொன்னால் நீங்களாகத் தலையாட்டாதீர்கள். அதை அவர் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளட்டும். பணம் வங்கிக் கணக்கிலேயே வரட்டும். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று யார் எழுதிக் கேட்டாலும், பணம் முழுதாக வராமல் கையெழுத்துப் போடவே கூடாது.

கோர்ட்டுக்குப் போவது

சென்னையில் குடும்ப நல நீதிமன்றங்கள் பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கின்றன. மெட்ரோவில் உயர் நீதிமன்றம் நிறுத்தத்தில் இறங்கலாம். உத்தரவின் சான்றிட்ட நகல், உங்கள் கணக்குத் தாள், வங்கி ஸ்டேட்மென்ட், ஆதார், அவருடைய இப்போதைய வீட்டு முகவரி, வேலை செய்யும் இடத்தின் முகவரி, இத்தனையும் கையில் இருக்கட்டும். முகவரி தப்பானால் சம்மன் திரும்பி வந்துவிடும், வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும். ஜீவனாம்ச உத்தரவின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 147-வது பிரிவே சொல்கிறது, கேட்டு வாங்குங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

மனுவில் பாக்கித் தொகையை வசூலிக்க வாரண்ட் கேட்க வேண்டும். அபராதத்தை வசூலிப்பது போல நீதிமன்றம் வசூலிக்கும். அப்படியும் வராத ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். பணம் கட்டினால் அதற்கு முன்பே வெளியே வரலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது. சிறை என்பது பணத்தை வசூலிக்கும் வழி மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

அவர் மாதச் சம்பளக்காரர் என்றால் நான் சிறையை விடச் சம்பளப் பிடித்தத்தைத்தான் விரும்புவேன். பிள்ளைக்குத் தேவை பணம். ஜீவனாம்ச உத்தரவுகளைச் சிவில் கோர்ட்டின் பணத் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உத்தரவு குடும்ப வன்முறைச் சட்டத்தில் வந்ததென்றால், முதலாளியே நேரடியாக உங்களுக்குக் கட்டும்படி 20(6) பிரிவில் கேட்கலாம். சம்பள ஜப்திக்கு எந்த வழி பொருந்தும் என்று வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்.

அவர் சொல்லக்கூடிய சாக்குகள்

"பிள்ளையைக் காட்டினால்தான் பணம்" என்பார். பார்க்கும் உரிமை வேறு, ஜீவனாம்சம் வேறு. பார்க்க வேண்டுமென்றால் அவர் தனியாக மனு போடட்டும். ஆனால் பார்க்கச் சொல்லி ஏற்கெனவே உத்தரவு இருந்தால் நீங்களும் அதை மீறாதீர்கள். "வேலை போய்விட்டது" என்பது நிஜமாகவே இருக்கலாம். அப்போதும் தொகையைக் குறைக்கச் சொல்லி அவர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும், தானாக நிறுத்த முடியாது.

ஊரை விட்டே போய்விட்டாரா? சரி, அவர் கோயம்புத்தூரில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், அங்குள்ள மாஜிஸ்திரேட் மூலம் இதே உத்தரவை நிறைவேற்றலாம் என்கிறது அதே 147-வது பிரிவு. இங்கே போட்ட மனு நடக்கும்போதே புதிய மாதங்கள் பாக்கி விழுந்தால், அவற்றையும் அதே மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்றைய தேதி வரை எழுதிய கணக்குத் தாளில் இரண்டு பிரதி கொண்டு போங்கள், ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கு.