பல்கலைக்கழக நூலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ‘இல்லை’ என்று சொல்வதற்கு முன்

ஆய்வு மாணவி ஒருவர் நூலகக் கணினியில் ‘ஔவையார்’ என்று தட்டச்சு செய்து தேடினார். ஒரு நூல்கூட வரவில்லை. இரவல் பிரிவில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, ‘நம்மிடம் இல்லையம்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை என்று உரைகளோடு ஒரு தட்டு நிறைய நூல்கள் மேல்தளத்தில் இருந்தன. அவற்றைப் பட்டியலில் ஏற்றியவர் ஔ என்னும் ஓரெழுத்தை இடாமல், ஒ, ள என்னும் இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து இட்டிருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். நான் பணியாற்றிய நூலகத்தில் நடந்த இந்த நிகழ்ச்சியை, புதிதாகப் பணிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே சொல்லிவருகிறேன்.

பல்கலைக்கழக நூலகரின் வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. நூல் இருக்கும், அதற்குப் பணம் செலவாகியிருக்கும், பதிவேட்டில் எண்ணும் இருக்கும். தேடி வந்தவரின் கைக்கு மட்டும் அது போய்ச் சேராது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. நூலக அறிவியல் படித்த எல்லோருக்கும் இவை மனப்பாடம். ஆனால், பட்டியலில் ஒரு பெயரை ஏற்றும்போதும், தொலைந்த நூலுக்குக் கணக்கு எழுதும்போதும் இந்த விதிகள் நினைவுக்கு வர வேண்டும். அங்கேதான் அவை மறந்துபோகின்றன.

ஔ எழுத்தின் சிக்கல் ஔவையாரோடு முடிவதில்லை. ‘கௌ’ என்று இட வேண்டிய இடத்தில் ‘கெ’, ‘ள’ என்று இரண்டாகப் பிரித்து இட்டதால், கௌதமரும் கௌமாரமும் தேடலில் அகப்படாமல் போவதும் உண்டு. இதைச் சரிசெய்யப் புகும்போது அவசரத்தில் இன்னொரு தவறைச் செய்கிறோம். பட்டியல் முழுவதிலும் ‘ஒள’ என்று வரும் இடங்களையெல்லாம் ஒரே கட்டளையில் ‘ஔ’ என மாற்றச் சொன்னால், ‘ஒளி’, ‘ஒளிப்படம்’ போன்ற சொற்களில் முறையாகவே அடுத்தடுத்து நிற்கும் அவ்விரு எழுத்துகளும் சிதைந்து, இயற்பியல் நூல்களின் தலைப்புகள் கெட்டுவிடும். எனவே அத்தகைய பதிவுகளைப் பிரித்தெடுத்து, தமிழ் அறிந்த ஒருவர் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும். நூலகப் பட்டியலை நிர்வகிக்கும் கோஹா மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகங்கள், அதன் தேடல் அட்டவணை யுனிகோடு எழுத்துகளை முறையாகக் கையாளும் ஐசியு அமைப்பில் நிறுவப்பட்டுள்ளதா என்பதையும் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். பல்லாயிரம் பதிவுகள் சேர்ந்த பிறகு மாற்றுவது பெரும் வேலை.

பெயர்களைப் பதிவு செய்வதில் நேரும் தவறு இதைவிட ஆழமானது. குடும்பப் பெயர் உள்ள நாடுகளில் உருவான பட்டியல் விதிகளைத் தமிழ்ப் பெயர்களின் மேல் அப்படியே சுமத்தினால், தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ ஆசிரியரின் பெயராகிவிடும். உ. வே. சாமிநாதையரை ஒருவர் சாமிநாத ஐயர் என்றும், இன்னொருவர் சுவாமிநாதையர் என்றும், வேறொருவர் உ.வே.சா. என்றும் ஏற்றியிருந்தால், அவர் பதிப்பித்த நூல்கள் மூன்று பேருடைய நூல்களைப்போல் சிதறிக் கிடக்கும். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்பது தமிழ் படித்தவருக்குத் தெரியும். பட்டியலுக்கு நாம் சொன்னால்தான் தெரியும். ஒரு வடிவத்தை முதன்மையாகத் தேர்ந்து, மற்ற எல்லா வடிவங்களிலிருந்தும் அதற்கு வழிகாட்டும் பெயர் ஆணைப் பதிவு ஒன்றை ஒவ்வோர் ஆசிரியருக்கும் உருவாக்க வேண்டும். அதற்கு ஒரு நாளில் செலவாகும் அரைமணி நேரத்தை வீண் என்று கருதுவதே இங்குள்ள அடிப்படைத் தவறு.

நம் பேராசிரியர்களுக்கும் இதே இடர் உண்டு. முன்னெழுத்தை ஒரு கட்டுரையில் முன்னாலும், அடுத்ததில் பின்னாலும், வேறொன்றில் விரித்தும் எழுதுவதால், ஒருவருடைய கட்டுரைகள் மேற்கோள் தரவுத்தளங்களில் இரண்டு மூன்று பேருக்குப் பங்கிடப்பட்டுவிடுகின்றன. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் நாளிலேயே ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் பதினாறு இலக்க ஆர்கிட் எண்ணைப் பெறச் செய்து, பெயரை ஒரே வடிவில் எழுதும்படி அறிவுறுத்துவது நூலகரின் கடமை.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் பகுப்பாக்கத்தில் ஒன்றை மட்டும் சொல்லிச் செல்கிறேன். தமிழில் எழுதப்பட்டது என்பதற்காக மண்ணியல் நூலையும் வரலாற்று நூலையும் டியூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811 என்னும் எண்ணில் அடுக்குவது தவறு. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரமும் மொழிக்குரிய 494.811இல் இருக்க வேண்டியதே.

அடுத்தது, ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதங்களுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஒருவருடைய பல ஆண்டு உழைப்பு இந்த எண்ணில் தொங்குவதால், மென்பொருள் காட்டும் எண்ணை அப்படியே சான்றிதழில் எழுதிக் கையொப்பமிடுவது பெரும் பிழை. சங்க இலக்கிய ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் குறுந்தொகைப் பாடல், அதை மேற்கோள் காட்டிய எல்லா ஏடுகளோடும் ஒத்துத்தான் போகும். மூலம் சுட்டி எடுத்தாண்ட மேற்கோள்களையும் துணைநூற் பட்டியலையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. அறிக்கையைப் பக்கம் பக்கமாகத் திறந்து அவற்றை நீக்கிய பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அது கண்ணில் படாது என்பதால் எனக்கு அதிகக் கவலை தருவது அதுவே. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேட்டில் ‘அம்மா’ என்று திரையில் தெரியும் சொல்லுக்கு அடியில் கணினி வைத்திருப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளையே. யுனிகோடில் உள்ள மூலத்தோடு அதை ஒப்பிடும் மென்பொருள் ஒப்புமை ஏதும் இல்லை என்றே சொல்லும். அந்தச் சுழியத்தை நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே கோப்பை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுக்கும் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏற்றினால், உள்ளே ஒரு தமிழ்ச் சொல்லைக்கூட யாராலும் தேட முடியாது. யுனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்துத் தரும்வரை கோப்பைப் பெற்றுக்கொள்ளாதிருப்பது மாணவருக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அவருடைய உழைப்பு பிறருக்குப் பயன்பட வேறு வழியில்லை.

நூல் தொலைந்துவிடும் என்ற அச்சத்தில் அடுக்குகளைப் பூட்டிவைப்பதும் தவறே. இந்த அச்சத்துக்குக் காரணம் கணக்குத் தணிக்கை. ஓய்வு பெறும் நாளில் குறையும் நூல்களின் விலையைத் தம் கையிலிருந்து கட்ட நேரிடுமோ என்று அஞ்சிய நூலகர்களை நான் அறிவேன். அந்த அச்சத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எனினும் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, ஓராண்டில் இரவல் தரப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரை குறைவதை, அதில் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாதபோது, இயல்பான இழப்பாக ஏற்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், எந்த விலையுள்ளதானாலும் அரிய நூலும் காணாமற்போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் நூல்கள் உள்ள நூலகத்தில் மூன்றாண்டுக்குள் ஒருமுறை மாதிரிச் சரிபார்ப்புப் போதும். இரவல் தந்த எண்ணிக்கையை நாள்தோறும் ஒழுங்காகப் பதிந்து வைத்தால்தான் இந்த விதி நமக்குத் துணை நிற்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் தங்கள் நிறுவனத்தின் விதியை எழுத்தில் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. அந்தப் பட்டியலோடு ஒப்பிடாமல் பழைய சந்தாக்களைப் புதுப்பித்து, ஒரே இதழுக்கு இருமுறை பணம் செலவிட வேண்டியதில்லை. மிச்சமாகும் தொகையைத் தமிழ்ச் சிற்றிதழ்களின் பழைய தொகுப்புகளை வாங்கவும் அட்டை கட்டவும் கேட்டுப் பெற வேண்டும். அவற்றின் கிழிந்த பக்கங்களில் செல்லோடேப் ஒட்டுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கி, நாடாவை உரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் அந்த வேலைக்குப் போதும்.

அந்த மாணவி வந்துபோன பிறகு, தகவல் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தோம். கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு தேடலையும், வாசகர் தட்டச்சு செய்த அதே எழுத்துகளில், தேதியோடும் அவருடைய துறையோடும் அதில் எழுதுகிறோம். சனிக்கிழமை பிற்பகலில் பட்டியலாக்கப் பிரிவிலிருந்து ஒருவரும் இரவல் பிரிவிலிருந்து ஒருவரும் அந்த நோட்டோடு அடுக்குகளுக்குப் போய் நேரில் தேடுகிறார்கள். முதல் வாரத்தில் எழுதிய பதினேழு தேடல்களில் ஒன்பதற்கு நூல் இருந்தது. ஒன்பது பேருக்கும் அன்று மாலையே தொலைபேசியில் சொன்னோம்.