பஸ் சிநேகிதிகளுக்குப் புத்தகம் சொல்வது எப்படி

யாராவது “நல்லதா ஒரு புத்தகம் சொல்லுங்க” என்று கேட்டால் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள். “கடைசியா எதை முழுசா படிச்சு முடிச்சே?” என்று திருப்பிக் கேளுங்கள். பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால் பலரும் பள்ளிக்கூடத்தில் கேட்ட பெரிய பெயர் ஒன்றைச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். முடித்தது எது என்றால்தான் உண்மை வரும். ஜோதிடம், சமையல், வார இதழ்த் தொடர், எது வந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. வாராவாரம் தொடர் படிக்கிறவருக்கு அடுத்து என்ன ஆகும் என்று காத்திருக்கத் தெரியும். நமக்குப் பாதி வேலை மிச்சம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. காலையில் அதே பஸ்ஸில் ஏறுகிற பெண்கள்தான் என் வாசகர் வட்டம். அதனால் இங்கே சொல்வதெல்லாம் பெண்ணையாற்றுப் பாலத்துக்கும் முதலியார்பேட்டைக்கும் நடுவில் தேறியவை.

முக்கியமானது இதுதான்: எழுத்தாளரைச் சிபாரிசு செய்யாதீர்கள், ஒரு கதையைச் சிபாரிசு செய்யுங்கள். “ஜெயகாந்தனைப் படி” என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். அவர் 1934இல் நம்ம மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், ஞானபீடம் வாங்கியவர் என்று சொன்னால் “அப்படியா” என்பார்கள், அவ்வளவுதான். அவருடைய ‘யுகசந்தி’ கதையைச் சொல்லிப் பாருங்கள். பேத்தி நெய்வேலியில் டீச்சர், சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். அங்கிருந்து பாட்டி பஸ்ஸில் கடலூர் வந்து இறங்குகிறார். வண்டி வைத்துக்கொள்ளாமல் கனமான பையோடு வீட்டுக்கு நடக்கிறார். பேத்தி கொடுத்தனுப்பிய கடிதம் ஒன்று அவரிடம் இருக்கிறது. இங்கே நிறுத்திவிட வேண்டும். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். கேள்வி பிறக்கும் இடம் வரைதான் கதை சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் அவர் படிக்க வேண்டியதை நாமே படித்துக் காட்டியது போலாகிவிடும்.

புதுமைப்பித்தன் 1906இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார் என்பது இந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் எழுத்தில் திருநெல்வேலி வாசனைதான் தூக்கல், ஆகவே ஊர்ப் பாசத்தைக் காட்டி அவரை விற்க முடியாது. எங்கள் பஸ்ஸில் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சிரிப்பு வந்தால்தான் எதையும் தொடுவாள். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை அவளிடம் இப்படிச் சொன்னேன்: வைத்தியப் பத்திரிகை நடத்துகிற ஒருவரிடம் சென்னையில் கடவுள் வந்து வழி கேட்கிறார். அவர் கடவுளை காபி குடிக்கக் கூட்டிப்போகிறார், அப்படியே பத்திரிகைக்குச் சந்தா கட்டவும் சொல்கிறார். ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள் என்பது சிக்கல். அரியாங்குப்பம் வருவதற்குள் போனில் தேட ஆரம்பித்துவிட்டாள். பாரதி, பாரதிதாசன், புதுமைப்பித்தன் மூவரின் படைப்புகளும் நாட்டுடைமை ஆகிவிட்டன. ‘மதுரைத் திட்டம்’ என்கிற இணைய நூலகத்தில் காசில்லாமலே படிக்கலாம். காசு செலவில்லாத சிபாரிசுக்கு மறுப்பு குறைவு.

கி. ராஜநாராயணன் கரிசல்காட்டுக்காரர். ஆனால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பிறகு இந்த ஊரிலேயே தங்கி, 2021இல் இங்கேயே காலமானார். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவருடைய ‘கதவு’ கதைக்கு இணையாக எதுவும் கிடையாது. வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு குழந்தைகள் பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள், டிக்கெட் உட்பட. சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். முடிவு சிரிப்பாக இருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த எச்சரிக்கை விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். இமையத்தின் ‘பெத்தவன்’, சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லச் சொல்லி ஊரே நெருக்குகிற ஒரு அப்பாவின் கதை. நம் மாவட்டத்துப் பேச்சில், மூச்சு விடாமல் போகும். அருமையான கதைதான். ஆனால் வீட்டில் பெண் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ஒன்றும் சொல்லாமல் அதை நீட்டக் கூடாது. “மனசு கனக்கும், பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

பெரிய நாவலுக்கு வேறு வழி. பிரபஞ்சன் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை இரண்டு நாவல்களில் எழுதினார். ‘மானுடம் வெல்லும்’ முதலில், சாகித்திய அகாதெமி பரிசு (1995) பெற்ற ‘வானம் வசப்படும்’ அடுத்து. பலரும் பரிசைப் பார்த்து இரண்டாவதை முதலில் எடுத்துவிடுகிறார்கள், வரிசையைச் சொல்லிக்கொடுங்கள். புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரங்கப்பிள்ளை வீதியில் கூட்டிக்கொண்டு நடங்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, ஊர் நடப்பையெல்லாம் நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர்தான் அந்த வீதிக்கு. அவர்தான் நாவலிலும் வருகிறார் என்றால் தடிமன் பயமுறுத்தாது. முதல் ஐம்பது பக்கம் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் சொல்லுங்கள். அந்த அனுமதி இருந்தால் ஆட்கள் தைரியமாக ஆரம்பிப்பார்கள்.

கொடுத்த பிறகு “படிச்சாச்சா?” என்று கேட்கவே கூடாது. கடன்காரன் மாதிரி ஆகிவிடுவோம், அடுத்த பஸ்ஸில் போக ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு வாரம் போகட்டும். அப்புறம் “எந்த இடத்துல நிக்குற?” என்றால் போதும். பிடிக்கவில்லை என்றால் வாதாடாமல், எந்த இடத்தில் அலுத்தது என்று கேளுங்கள். அடுத்த சிபாரிசுக்கு அதுதான் துப்பு.

அவர்கள் சொல்லும் புத்தகத்தையும் நீங்கள் படிக்க வேண்டும். ஒருவழிப் பாதையாக இருந்தால் அது சிநேகிதம் இல்லை, டியூஷன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கிருமாம்பாக்கத்தில் ஏறுவார். அவர் கொடுப்பதெல்லாம் பயணக் கட்டுரைகள்தான். எனக்கு அவ்வளவாக ஓடாத வகை. ஆனாலும் வாங்கிப் படித்துவிடுவேன். “சார், இந்த அத்தியாயம் நல்லா இருந்துது” என்று குறிப்பாக ஒன்றைச் சொன்னால், நான் தருவதையும் அவர் மறுக்க மாட்டார்.

இரவல் விஷயம் சுருக்கமாக. முதல் பக்கத்தில் பெயர் எழுதுங்கள், யாரிடம் எது என்று போனில் குறித்துவையுங்கள், திரும்பி வராவிட்டால் அழுதுவிடுவேன் என்கிற பிரதியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஜூலை வாக்கில் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி வரும்போது நாலைந்து பேராகச் சேர்ந்து போனால், யார் எதை வாங்குவது என்று பஸ்ஸிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வட்டத்துக்குள் வேண்டாம்.